ஆழியாற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்களா?

எங்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் என் வீட்டுக்காரரைப் பற்றி இப்போது ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. கல்யாணப் பந்தியில் யாராவது தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தால் போதும், "மாப்ள, அணையத் தொறந்துட்டாங்களான்னு ஒரு போன் போட்டுக் கேட்டுக்குங்க" என்று எதிர் வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். அவரும் சேர்ந்து சிரிப்பார். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணலில் உட்கார்ந்து, தண்ணீர் ஏறுவதைப் பார்த்துவிட்டு, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அணையைத் திறந்துவிட்டார்களா என்று விசாரித்த மனிதரைப் பார்த்து யார்தான் சிரிக்க மாட்டார்கள்? நானே அந்தக் கதையைக் கண், காது, மூக்கு வைத்துப் பல வீடுகளில் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அதில் ஒரு நிமிடத்தை விட்டுவிட்டுத்தான் சொல்வேன். அந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்று எனக்கும் என் மகளுக்கும் தெரியும். அந்தக் கடலோரத்து அம்மா ஒருவருக்கும் தெரியும். அவர் எங்கள் ஊர்ப் பக்கம் வரப்போவதில்லை.

கணபதியில் எங்களுக்கு ஒரு சின்ன லேத் பட்டறை இருக்கிறது. மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறோம். கடைவது என் வீட்டுக்காரர், பார்த்து அனுப்புவது நான். ஷாஃப்டின் மேல் விரலை ஒரு ஓட்டு ஓட்டினால் பிசிறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். கண் தப்பினாலும் என் கை தப்பாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். இப்போது சொல்வதில்லை.

அவருக்குச் சர்க்கரை வந்ததும் டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் தெரு நாய் துரத்துகிறது என்று சைக்கிள் வாங்கினார். வாங்கியவர் சும்மா இருப்பாரா? எங்களையும் இழுத்துவிட்டார். ஆறாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு நீல நிறத்தில் கியர் சைக்கிள். எனக்கு முன்னால் கூடை வைத்த சிவப்பு சைக்கிள். அதை மட்டும் நானே கடைக்குப் போய் நானே பார்த்து வாங்கினேன். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளைக் கல்யாணத்துக்கு முன் பெரியப்பா பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் எனக்கே எனக்கு என்று வந்த வண்டி அதுதான். பட்டறைப் பையன்கள் யாரையும் தொடவிட மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்டுப்பாளையம் சாலையில் பாதி தூரம் போய், டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். அப்படி இருக்கையில் மகளின் பாடத்தில் ஆறுகள் வந்தன. அவர் ஊர் ஆனைமலைப் பக்கம், ஆழியாற்றுப் பாசனம். "நம்ம ஆத்துத் தண்ணி கேரளாவுக்குள்ள போயி, பெரிய ஆத்தோட சேந்து கடல்ல உளுகுதாம்பா. அது உளுகற எடத்துக்கு சைக்கிள்ல போலாமாப்பா?" என்று கேட்டாள். கோயமுத்தூரிலிருந்தே மிதித்துப் போனால் ஒரு வாரம் ஆகும் என்று நான் சொன்னேன். அவர் அதற்கும் வழி கண்டுபிடித்தார். பக்கத்துப் பட்டறைக்காரரின் குட்டி யானை லோடு வண்டியை இரவல் வாங்கி, அதில் மூன்று சைக்கிளையும் ஏற்றி, கேரளாவில் அந்தப் பெரிய ஆற்றுப் பாலம் வரைக்கும் வண்டி. அங்கிருந்து கடல் வரைக்கும் ஆற்றோரமாகப் பதினைந்து கிலோமீட்டர் சைக்கிள்.

நாள் குறித்ததும் அவர்தான். தைப்பூசத்துக்குப் பட்டறை லீவு. ஊரே பழனிக்கும் மருதமலைக்கும் நடந்துகொண்டிருக்க, நாங்கள் விடிகாலை மூன்று மணிக்கே முருகனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே கிளம்பினோம். டயரில் காற்று எவ்வளவு என்று கேஜ் வைத்துப் பார்த்தார். பஞ்சர் ஒட்டும் சாமான், டார்ச், குளுக்கோஸ், கயிறு, எல்லாம் எடுத்து வைத்தார். பவானி ஜமுக்காளம் ஒன்றை நான் சுருட்டி என் கேரியரில் கட்டினேன். பொடி தடவிய இட்லியும் புளிசாதமும் கூடையில். அவ்வளவு முன்யோசனைக்காரர் கிளம்பிய பயணம் அது.

எட்டு மணிக்கெல்லாம் கடலுக்கு வந்துவிட்டோம். ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு மணல் திட்டு நாக்கை நீட்டியது போல உள்ளே போய்க்கொண்டிருந்தது. கரைக்கும் திட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம். அதில் கணுக்கால் நனையும் அளவுதான் தண்ணீர். சைக்கிளில் உட்கார்ந்தபடியே தாண்டினோம். திட்டில் ஈர மணல் சிமெண்ட் போட்ட மாதிரி இறுகிக் கிடந்தது. சக்கரம் புதையவே இல்லை. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், நடுவில் நாங்கள் மூன்று பேர். என் மகள் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்தினாள். நானும் கத்தினேன். நாற்பதை நெருங்கும் வயதில் நான் அப்படிக் கத்துவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

திட்டின் நுனியில் ஜமுக்காளத்தை விரித்தோம். அங்கே எங்களைத் தவிர ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வலை உதறிக்கொண்டு இரண்டு மூன்று பேர், மணலைக் கிளறிச் சிப்பி பொறுக்கும் பெண்கள் சிலர். சாப்பிட்டுக் கை கழுவும்போது பார்த்தால் ஒவ்வொருவராகக் கூடையைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியாகப் போன அம்மா எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். நாங்களும் சந்தோஷமாக ஆட்டினோம். "எல்லாரும் போயிட்டாங்க. இனி எடம் பூராவும் நம்முளுதுதான்" என்றார் என் வீட்டுக்காரர். நானும் அதைத்தான் நினைத்தேன். அப்புறம் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்துவிட்டார். ராத்திரியே எழுந்து வண்டி ஓட்டிய அலுப்பு, உடனே குறட்டை.

"அம்மா, தண்ணி கிட்ட வந்துருச்சு" என்று மகள் சொன்னபோது நான் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போட்டோ அனுப்பிக்கொண்டிருந்தேன். "அலைன்னா வரும், போகும் கண்ணு" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் தான் நட்டு வைத்திருந்த குச்சியைக் காணோம் என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். நாங்கள் சைக்கிள் ஓட்டிய அகலமான மணல் எங்கே போனது? எங்களைச் சுற்றி ஒரு களத்து அளவு மணல்தான் மீதி இருந்தது. வந்த வழியில் பாதி, தண்ணீருக்குள். மேலே பார்த்தால் மேகம் ஒரு பொட்டு இல்லை. காற்றும் இல்லை. சத்தமே இல்லாமல், யாரோ பாத்திரத்தில் ஊற்றுவது போலத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவரைப் பிடித்து உலுக்கினேன்.

எழுந்து பார்த்தவர் பேயறைந்த மாதிரி நின்றார். அவருடைய ஊரில் தண்ணீர் தானாக ஏறாது, தானாக இறங்காது. ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டு அணையைத் திறந்தால் வாய்க்காலில் வரும், அடைத்தால் நிற்கும். மழை இல்லாமல் தண்ணீர் ஏறினால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் அவருக்குத் தெரியும். போனை எடுத்தார். ஆனைமலையில் இருக்கும் சித்தப்பாவுக்கு அடித்தார்.

"சித்தப்பா, ஆழியாத்துல தண்ணி தொறந்துட்டாங்களாங்க?"

அந்தப் பக்கம் பெரியவர் சத்தமாகப் பேசுவார். எனக்கே கேட்டது. "எங்க சாமி தொறந்தாங்க? வாய்க்கா காஞ்சு கெடக்குது. ஏஞ்சாமி, உனக்கு யாராச்சும் சொன்னாங்களா?"

"இல்லீங், சும்மா கேட்டனுங்க."

போனை வைத்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. "தொறக்கலையாமா. அப்ப ஏறாது. இது அப்படியே நின்னுரும்" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்!

இதில் நான் அவரைப் பழி சொல்ல முடியாது. எனக்கும் அந்த நேரத்தில் அது நியாயமாகப் பட்டது. அப்பாடா என்று நானும் உட்கார்ந்தேன். கடல் ஏறி இறங்குவதற்கு ஓதம் என்று பெயர், நான் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். இரண்டு மார்க் கேள்வி. அதை எழுதி இரண்டு மார்க்கும் வாங்கியவள்தான். அந்த இரண்டு மார்க்கும் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ, ஒரு கால் மணி நேரம் நான் அசையவில்லை. ஜமுக்காளத்தின் ஓரம் நனைந்த பிறகுதான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.

அதற்கப்புறம் எல்லாம் அவசரம். அவர் தன் சைக்கிளை ஒரு கையில் தள்ளிக்கொண்டு மகளின் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டார். நான் ஈர ஜமுக்காளத்தைச் சுருட்டிக் கேரியரில் கட்டினேன். அதை அங்கேயே போட்டுவிட்டு வரலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் எனக்கு நீச்சல் தெரியாது. மகளுக்கும் தெரியாது. அவர் கிணற்றில் குதித்துப் பழகியவர். "நா முன்னால போயி ஆழம் பாக்கறேன். நீங்க என் பின்னாலயே வாங்க. அம்மணி, அம்மா கையக் கெட்டியாப் புடிச்சுக்கோ" என்றார்.

இடது கையில் சைக்கிள். வலது கையில் மகளின் கை.

காலையில் கணுக்கால் நனைந்த பள்ளம் இப்போது என் இடுப்புக்கு மேல் வந்தது. மகளுக்கு நெஞ்சு வரைக்கும். ஆழத்தைவிட அதன் இழுப்புத்தான் என்னைக் கலங்கடித்தது. கடலிலிருந்து ஆற்றுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு பின்னால் ஓடுவதை அன்றுதான் முதலில் பார்த்தேன். காலடியில் மணல் சரிந்துகொண்டே இருந்தது. கேரியரில் இருந்த ஜமுக்காளம் தண்ணீர் குடித்து ஆட்டுக்கல் கனம் கனத்தது. சைக்கிள் ஒரு பக்கம் என்னை இழுத்தது. அந்த சைக்கிளைத்தான் நான் ஊன்றுகோல் மாதிரி அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் மறுபக்கம் கால் பாவாமல் மிதந்து, என் கையில் தொங்கினாள். கரையிலிருந்து யாரோ ஒரு பெண், "சைக்கிள் விடூ! சைக்கிள் விடூ!" என்று கத்துவது கேட்டது. நன்றாகக் கேட்டது. புரியவும் செய்தது.

நான் விட்டேன்.

வலது கையை விட்டேன்.

வழுக்கியது என்று சொல்லலாம். ஈரக் கை, வழுக்கத்தான் செய்யும். ஆனால் வழுக்குவதற்கும் விடுவதற்கும் உள்ள வித்தியாசம் என் கைக்குத் தெரியும். நாள் முழுக்க இரும்பைப் பிடித்துப் பார்க்கிற கை. என் விரல்கள் திறந்தன. நான் திறந்தேன். இடது கை ஹேண்டில்பாரை இன்னும் இறுக்கிக்கொண்டது. அவள் என்னைப் பார்த்தாள். "அம்மா" என்றுகூடக் கூப்பிடவில்லை. ஆச்சரியப்பட்ட முகம், அவ்வளவுதான். அப்புறம் அந்த முகம் தண்ணீருக்குள் போய்விட்டது.

நாலு அடி முன்னால் அவருடைய முதுகும் அதன் மேல் நீல சைக்கிளும் தெரிகிறது, கூப்பிட முடியவில்லை. கத்தியது கரையில் இருந்த அந்த அம்மாதான். காலையில் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டியவர். அவர் கத்தியபடியே உள்ளே ஓடி வந்தார். எங்களைப் போலத் தண்ணீரோடு சண்டை போடாமல், அது போகிற போக்கிலேயே குறுக்கே விழுந்து போய், ஒரு இடத்தில் கையை விட்டார். வெளியே எடுத்தபோது அந்தக் கையில் என் மகளின் சடை இருந்தது. அன்று விடியற்காலையில் தூக்கம் கலையாமல் அவள் முனக முனக நான் இறுக்கிப் பின்னிவிட்ட சடை. அதைப் பிடித்துத்தான் அவளை மேலே கொண்டுவந்தார்.

திரும்பிப் பார்த்த என் வீட்டுக்காரர் இரண்டு சைக்கிளையும் அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்து வந்தார். இரண்டும் போய்விட்டன. அவர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் எப்படியோ கரையேறியிருக்கிறேன். எப்படி ஏறினேன் என்று எனக்கு நினைவில்லை. அந்த அம்மா மகளைக் குப்புறச் சாய்த்து முதுகில் தட்டினார். அவள் தண்ணீரைக் கக்கிவிட்டு அழ ஆரம்பித்தாள். அப்புறம் அந்த அம்மா எழுந்து என்னிடம் வந்தார். என் இடது கை அப்போதும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் என் விரல்களை ஹேண்டில்பாரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஐந்து விரலையும் பிரித்து முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்னாச்சு அம்மணி? எப்புடிப் போன?" என்று என் வீட்டுக்காரர் மகளைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் சொல்லப்போகிறாள், சொல்லட்டும் என்று நின்றேன்.

"குழியில கால் வெச்சுட்டேம்பா. அம்மா புடிச்சுட்டுத்தான் இருந்தாங்க. நாந்தான் வழுக்கி விட்டுட்டேன்" என்றாள்.

பதினோரு வயசு. மூக்கிலிருந்து உப்புத் தண்ணீர் இன்னும் நிற்கவில்லை. அதற்குள் எனக்காக ஒரு பொய்யைத் தயார் செய்துவிட்டாள்.

அவர் பஸ் பிடித்துப் போய்க் குட்டி யானையை எடுத்துவரும் வரைக்கும் நாங்கள் அந்த அம்மா வீட்டில் இருந்தோம். மாற்றுத்துணி கொடுத்தார், பால் ஊற்றாத கட்டஞ்சாயா கொடுத்தார். அவர் பேசிய மலையாளத்தில் பாதிதான் எனக்குப் புரிந்தது. பௌர்ணமி அன்றைக்குக் கடல் கூடுதலாக ஏறுமாம். இது தெரியாமலா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனீர்கள் என்று கேட்டார். கை ஆட்டியது, கிளம்பி வாருங்கள் என்பதற்காம். வண்டியோடு வந்த அவரிடமும், கடல் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கும் என்று விரலைக் காட்டிச் சொன்னார்.

"தெனமுங்களா?" என்றார் அவர். "ரெண்டு தடவைங்களா?"

அந்த முகத்தைப் பார்த்து அந்த அம்மாவே சிரித்துவிட்டார். எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில்தான் இந்தக் கதை சிரிப்புக் கதையாக ஆரம்பித்தது.

மூன்று சைக்கிள் ஏற்றிப் போன வண்டியில் ஒரு சைக்கிள் திரும்பி வந்தது. என்னுடையது. சொந்தக்காரர்கள் வந்து விசாரித்தார்கள். தைப்பூசத்தன்று முருகனை விட்டுவிட்டுப் போனால் இப்படித்தான் என்றார்கள் சிலர். அப்புறம் அணைக்குப் போன் போட்ட கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துட்டேன். இவ மட்டும் கெட்டிக்காரி, சைக்கிள விடலியே!" என்று அவர் என்னைப் பாராட்டுவார். ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டுக்கொண்டு நான் காபி கொடுப்பேன்.

ஒரு மாதம் கழித்து என்னால் தாங்க முடியவில்லை. அவர் பட்டறைக்குப் போன பிறகு மகளை உட்கார வைத்து, "கண்ணு, அன்னிக்கி தண்ணிக்குள்ள நானு" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா" என்றாள். நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அப்பாகிட்ட சொல்லீராதீங்க. அப்பா அந்தக் கதைய சொல்லிச் சொல்லிச் சிரிச்சுட்டு இருக்காரு. இது தெரிஞ்சா சிரிக்க மாட்டாரு."

அவ்வளவுதான் பேச்சு. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதிருந்தால் கட்டிக்கொண்டிருப்பேன். அவள் அட்டையை மடித்து ஒட்டிவிட்டு அடுத்த நோட்டை எடுத்தாள்.

சிவப்பு சைக்கிள் பட்டறைக்குப் பின்னால் நிற்கிறது. செயின் துருப்பிடித்துவிட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம் என்று சொல்லிவிட்டேன். மகள் இப்போது நீச்சல் வகுப்புக்குப் போகிறாள். வாரம் இரண்டு நாள் நான்தான் கூட்டிப் போகிறேன். பஸ் நிறுத்தத்துக்குச் சத்தி சாலையைத் தாண்ட வேண்டும். லாரியும் பஸ்ஸும் நிற்காமல் வரும் சாலை. பழக்கத்தில் நான் என் வலது கையை நீட்டுவேன். முன்பெல்லாம் தன் கையைத் தூக்கி அதில் வைத்துவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு வருவாள்.

இப்போது கையை என்னிடம் கொடுப்பதில்லை. என் மணிக்கட்டை அவளே பிடித்துக்கொள்கிறாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "வாங்கம்மா" என்று என்னைக் கூட்டிக்கொண்டு சாலையைத் தாண்டுகிறாள்.